வலிக்காத பாதத்தின் வெப்பம்

நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. செருப்பினுள் கிடக்கும் சிறு கல்லும் வலிப்பதில்லை. வலிக்காததால் நடை தொடர்கிறது. ஓயாத அழுத்தத்தால் திசுக்கள் அழற்சியுற்று, புண் வெளிப்படும் முன்பே அவ்விடம் வெப்பமடைகிறது. கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றத்தை வெப்பப் படக்கருவி காட்டுகிறது.

தோல் இயல்பாக வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களையே இக்கருவி பதிவு செய்கிறது. எக்ஸ்ரே போல உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. ஆகவே அச்சம் வேண்டா. வெறுங்காலுடன் சிறிது நேரம் ஓய்ந்திருந்த பின்னரே படம் எடுக்கப்படும். இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிடுகையில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால் அது எச்சரிக்கை. 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகளில், பாத வெப்பத்தை வீட்டிலேயே நாள்தோறும் அளந்து, வேறுபாடு கண்டதும் நடையைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்களிடம் புண்கள் குறைவாகவே தோன்றின.

எனினும், இரத்த ஓட்டம் குன்றிய பாதம் குளிர்ந்தே இருக்கலாம். ஆதலால் படம் ஒன்றே போதாது. மருத்துவர் நாடி பார்ப்பதும் உணர்வைச் சோதிப்பதும் இன்றியமையாதவை.

மற்றுமொன்று. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரிகள் பலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம், தடித்த தோலோடு நல்ல தோலையும் அரிக்கக்கூடும். உணர்வற்ற பாதத்தில் அந்த எரிச்சல் தெரியாது. சர்க்கரை நோயாளர் இவற்றைத் தாமாகப் பயன்படுத்தலாகாது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது.

உடனிருப்போர் இரவுதோறும் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்த்து, புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாகவோ, சிவந்தோ, வீங்கியோ இருந்தால், வலி இல்லையே என்று காத்திராது, காலூன்றுவதைக் குறைத்துத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.