அஹ்மதி: வீட்டைப் பார்த்தே கிரேடு சொன்ன ஊர்

வளைகுடாவில் ‘பேச்சிலர்’ என்ற வார்த்தைக்கு அகராதியில் இல்லாத அர்த்தம் ஒன்று உண்டு. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற ஐம்பது வயதுக்காரரும் இங்கே பேச்சிலர்தான். குடும்பத்தைக் கூட்டி வர முடியாதவர் என்று பொருள். ‘ஃபேமிலி ஒன்லி’ என்று வாடகை விளம்பரத்தில் பார்த்தால் நமக்கு உறுத்துவதுகூட இல்லை, அவ்வளவு பழகிப்போச்சு. இந்தப் பிரிவினை ஒரு ஊரின் வரைபடத்திலேயே எப்படி ஏறியது என்று தெரிஞ்சுக்கணும்னா, குவைத்தின் அஹ்மதியைப் பார்க்கணும்.

எண்ணெய்க்காகப் பிறந்த ஊர்

புர்கானில் 1938-இல் எண்ணெய் கிடைத்தது. நடுவில் உலகப்போர் வந்ததால், முதல் கப்பல் எண்ணெயோடு கிளம்பியது 1946 ஜூன் 30 அன்றுதான். பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் சரிபாதியாக வைத்திருந்த குவைத் ஆயில் கம்பெனி, தன் ஆட்களுக்காகப் பாலைவனத்தில் புதிதாக ஒரு ஊர் கட்டியது. அன்றைய ஆட்சியாளர் ஷேக் அஹ்மத் பெயரால் அது அஹ்மதி ஆனது. மேட்டு நிலத்தில் இடம் பார்த்ததற்கும் காரணம் இருந்தது. மேலே தொட்டிகளில் எண்ணெயை ஏற்றி வைத்தால், கடற்கரைக் கப்பலுக்கு அது தானாகவே இறங்கிவிடும்.

குவைத் அப்போது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நாடு. நேரடியான காலனி இல்லை. ஆனால் ஊர் கட்டும் முறை காலனியிலிருந்துதான் வந்தது. அஹ்மதியைத் திட்டமிட்ட ஜேம்ஸ் மாலிசன் வில்சன், புது தில்லி கட்டப்பட்டபோது லட்யன்ஸிடம் வேலை பார்த்தவர். பிறகு ஈராக்கின் பொதுப்பணித் துறையில் இருந்தார். ஈரானின் எண்ணெய் நகரமான அபதானிலும் குடியிருப்புகளை வடிவமைத்தார். அதனால் அஹ்மதியின் பழைய பங்களாக்களைப் பார்த்து நம்ம ஊர் கன்டோன்மென்ட் ஞாபகம் வந்தால், அது சும்மா வரவில்லை.

வடக்கு, நடு, தெற்கு

ஊர் மூன்றாகப் பிரிந்திருந்தது. வடக்கே பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பெரிய வீடுகள். நடுவில் இந்திய, பாகிஸ்தானிய குமாஸ்தாக்களும் டெக்னீஷியன்களும். தெற்கே அரபுத் தொழிலாளிகள். மேலதிகாரிகளுக்கு ஹுபாரா கிளப் இருந்தது. ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று சொன்னாலே அவர் எந்த நாட்டுக்காரர், என்ன கிரேடு என்று தெரிந்துவிடும். கோலார் தங்கவயலைத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதுசு இல்லை: அங்கேயும் துரைகளுக்கு பங்களா, தமிழ்த் தொழிலாளிக்கு லைன் வீடு.

நம்மவர்களுக்குச் சில விஷயங்கள் பழக்கமானவையாகவே இருந்தன. 1961 வரை குவைத்தில் புழங்கியது ரூபாய்தான். ஆனால் வீடு என்பது வேறு கணக்கு. மேல் கிரேடுக்காரர் மனைவி மக்களோடு இருந்தார். சாதாரண ஆட்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் தனியாக வந்தவர்கள். ஆரம்ப வருஷங்களில் பலருக்குக் கூடாரம்தான். கம்பெனிக்கு இதில் லாபமும் இருந்தது. தனி ஆளுக்கு ஒரு கட்டில் போதும். குடும்பம் என்றால் வீடு வேணும், பள்ளிக்கூடம் வேணும், ஆஸ்பத்திரி வேணும்.

கோடு அழியவில்லை, இடம் மாறியது

1961-இல் குவைத் சுதந்திரம் பெற்றது. 1975-இல் கம்பெனி முழுக்க குவைத் அரசின் கைக்கு வந்தது. தோல் நிறத்தை வைத்துத் தெரு பிரித்த காலம் போனது. சம்பளத்தை வைத்துப் பிரிப்பது போகவில்லை. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்குமிடம் என்று 2019-இல் வரம்பு வைத்தார்கள். கத்தாரில் 2010-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம், குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்பு கூடாது என்கிறது. என்னை மாதிரி ஐடி வேலைக்கு வந்தவர்களுக்கு ஃபேமிலி விசா என்பது ஹெச்ஆருக்குப் போடும் ஒரு மெயில். நம்ம கட்டடத்தில் ஏசி மாட்ட வருகிறவருக்கு அது பத்து வருஷக் கனவு.

அந்தக் கட்டில் கணக்கின் விலை என்ன என்று 2024 ஜூன் 12 காட்டியது. அஹ்மதி மாவட்டத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சுமார் 50 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

ஊர் வரைபடத்தில் இல்லாத பகுதி

இப்படிப்பட்ட அறைகளிலும் நம்மவர்கள் ஒரு வாழ்க்கையை உண்டாக்கிக்கொண்டார்கள். முறை வைத்துச் சமைக்கிற மெஸ், வெள்ளிக்கிழமை பிரியாணி, புதுசா வந்தவனுக்கு முதல் மாதம் சோத்துக்காசு வாங்காத வழக்கம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, லீவில் போகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். கீழக்கரையிலோ கூத்தாநல்லூரிலோ வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

அந்த வீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வளைகுடா நகரங்களின் வரலாறு முழுசாகும். அங்கே தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்கள் கம்பெனி எந்த வரைபடத்திலும் காட்டாத நாலாவது பகுதியில் குடியிருந்தவர்கள். கம்பெனி கட்ட மறுத்த வீட்டை அவர்கள்தான் நடத்தினார்கள்.

கம்பெனிகளின் கதை அவர்கள் ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. நம்ம கதை பீரோவில், டிரங்கு பெட்டியில் கிடக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் பழைய ஒப்பந்தக் கடிதம், ரூம் போட்டோ, கேசட் எதுவானாலும் தேடி எடுங்கள். போட்டோவுக்குப் பின்னால் வருஷத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அந்த வருஷங்கள் எப்படிப் போச்சு என்று அம்மாவிடமும் கேளுங்கள்.