சர்க்யூட் போர்டை ஏன் கழுவுகிறார்கள்? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் மொபைலுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு பெரும்பாலும் கழுவப்படாமலேயே வந்திருக்கும். ஆனா செயற்கைக்கோளில் ஏறும் போர்டைக் கழுவாமல் அனுப்ப மாட்டார்கள். ரெண்டுமே சால்டரிங் செய்தவைதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

மின்னணு உதிரிபாகங்களை இங்கேயே தயாரிக்க 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. மைசூருவில் கெய்ன்ஸ் டெக்னாலஜி, பக்கத்து நஞ்சன்கூட்டில் வெற்று போர்டு தயாரிக்கும் ஏடி அண்ட் எஸ், இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் என்று இந்தத் தொழில் நம்மைச் சுற்றியே வளர்கிறது. அதனால் இந்தக் கேள்வியும் நம்முடையதுதான்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

செம்பின் மேல் ஆக்சைடு படலம் இருந்தால் சால்டர் ஒட்டாது. அதை நீக்க ஃப்ளக்ஸ் சேர்க்கிறார்கள். பைன் மரப் பிசினும் மிதமான அமிலங்களும் கலந்த பொருள் இது. ஈயம் இல்லாத சால்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஃப்ளக்ஸின் எச்சம் மட்டும் போர்டிலேயே தங்கிவிடும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

அமில எச்சம், காற்றின் ஈரம், மின்னழுத்தம் மூன்றும் சேர்ந்தால் பிரச்சினை. பாசிட்டிவ் முனையில் உலோகம் கரைந்து, நெகட்டிவ் முனையில் போய்ப் படிகிறது. அங்கிருந்து மரக்கிளை மாதிரி வளர்ந்து, எதிர் முனையைத் தொட்டதும் ஷார்ட் ஆகிறது. சில நேரம் அந்த மெல்லிய கிளை உடனே எரிந்துபோகும். கருவி மறுபடி வேலை செய்யும். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் "எந்தக் கோளாறும் இல்லையே" என்பார்கள்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை வைத்து போர்டு சுத்தம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 40 டிகிரி வெப்பம், 90% ஈரப்பதத்தில் 7 நாள் மாதிரி போர்டை வைத்துச் சோதிக்கிறார்கள். தடங்களுக்கு இடையிலான மின்தடை 10 கோடி ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. சென்னைக்காரர்களுக்கு இந்த ஈரப்பதம் புதிதல்ல.

பிறகு ஏன் கழுவுவதை நிறுத்தினார்கள்?

1980களில் போர்டு கழுவப் பிரபலமாக இருந்தது சிஎஃப்சி-113. சீக்கிரம் ஆவியாகும், தீப்பிடிக்காது. ஆனால் அது ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்தது. வளிமண்டலத்தில் சுமார் 90 ஆண்டுகள் தங்கவும் செய்யும். 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு மாற்று தேடினார்கள். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1988இல் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருந்து வரும் கரைப்பானைக்கூட முன்வைத்தது. இந்தியா 1992இல் உடன்படிக்கையில் சேர்ந்தது.

பரவலாக நிலைத்த மாற்று, 'நோ-கிளீன்' ஃப்ளக்ஸ். இதில் எச்சம் குறைவு. சரியான சூடு கிடைத்தால் அமிலம் பெருமளவு செயலிழக்கும். மிச்சத்தைப் பிசின் மூடிக்கொள்ளும்.

சரி, இதில் சிக்கல் இல்லையா? இருக்கிறது. கையால் ரிவொர்க் செய்யும்போது ஊற்றும் கூடுதல் ஃப்ளக்ஸுக்குப் போதிய சூடு கிடைக்காது. அமிலம் வீரியத்தோடு நிற்கும். ஐபிஏ தொட்டு பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்துவிட்டால், பிசின் மூடி கரைந்து அமிலம் போர்டு முழுக்கப் பரவும். அரைகுறையாகக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல்.

கழுவும் தொழிலாளிக்கு என்ன ஆபத்து?

சீனாவின் சுஜோவில் உள்ள வின்டெக் ஆலையில் ஐபோன் தொடுதிரைகளைத் துடைக்க, ஆல்கஹாலைவிட வேகமாகக் காய்கிறது என்று என்-ஹெக்சேனுக்கு மாறினார்கள். அது நரம்புகளைத் தாக்கியது. 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் 2011இல் ஒப்புக்கொண்டது. இறுதி அசெம்பிளியில் அந்த ரசாயனத்துக்குத் தடை வந்தது 2014இல்தான்.

தைவானின் தாவ்யுவானில் 1970 முதல் 1992 வரை இயங்கிய ஆர்சிஏ ஆலையில் கழுவப் பயன்பட்ட கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தன. 445 பேருக்கு இழப்பீடு தரச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015இல். ஆலை மூடி 23 ஆண்டுகள் கழித்து!

தண்ணீரில் கழுவினால் போதாதா?

இன்று பல ஆலைகள் காரக் கரைசலில் கழுவி, அயனி நீக்கிய நீரில் அலசுகின்றன. ஓசோனுக்குக் கேடில்லை, நரம்புக்கும் ஆபத்து குறைவு. ஆனால் அந்தத் தண்ணீரில் அமிலம், தகரம், செம்பு, சில இடங்களில் ஈயமும் வரும். சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது.

வரைபடத்தைப் பாருங்கள். நஞ்சன்கூடு கபினிக் கரையில் இருக்கிறது. கபினி, தி. நரசிபுராவில் காவிரியில் சேர்கிறது. காவிரி, கர்நாடக எல்லையில் பாலாறு வந்து கலக்கும் இடத்தைத் தாண்டி மேட்டூர் அணைக்குள் நுழைகிறது. எந்த ஆலையையும் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. மேலே தொழில் பெருகும்போது, சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடுகிறதா என்பது கீழே இருப்பவர்களின் குடிநீர்ப் பிரச்சினையும்கூட.

நீங்கள் இந்தத் துறையில் இருந்தால்?

மூன்றைக் கேளுங்கள். இந்த போர்டு ஈரத்தில் வேலை செய்யப் போகிறதா? எந்த ரசாயனத்தால் கழுவுகிறோம், கழுவுபவருக்குக் காற்றோட்டமும் கையுறையும் இருக்கிறதா? அலசிய நீர் எங்கே போகிறது? முதல் கேள்வியை வாடிக்கையாளரே கேட்டுவிடுவார். மற்ற இரண்டையும் உள்ளே இருப்பவர்கள்தான் கேட்டாக வேண்டும்.