தொழிலாளரின் முதுமையும் தானாகச் சேரும் சேமிப்பும்

தொழிலாளரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் நாட்டுக் கனவான்களில் சிலர் தவறாமல் எடுத்துச் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. "தொழிலாளிக்குச் சிக்கனம் தெரியாது, வந்ததை அன்றன்றே செலவிட்டுவிடுகிறான், பிற்காலத்தைப் பற்றிய நினைவே அவனுக்கு இல்லை" என்பதே அது. இவ்வாறு சொல்லிவிட்டால், முதுமையில் அவன் படும் துன்பத்துக்கு அவனே முழுப் பொறுப்பாளி ஆகிவிடுகிறான். முதலாளிக்கும் சர்க்காருக்கும் அதில் யாதொரு பங்கும் இல்லையென்று முடிவாகிவிடுகிறது. இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வது தொழிலாளர் நலத்தில் ஈடுபட்ட அன்பர் ஒவ்வொருவருக்கும் கடமையாகும். அதற்கு வேண்டிய ஆதாரங்கள் கடந்த கால் நூற்றாண்டில் வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் போதிய அளவு கிடைத்திருக்கின்றன.

அமெரிக்காவில் கண்ட உண்மை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரிச் சட்டத்தில் 1978-ம் வருஷம் 401 (கே) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை, வரி செலுத்துமுன்பே, முதுமைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ள அது இடங்கொடுத்தது. முதலாளிமார் பலர் அத்துடன் தம் பங்கையும் சேர்த்துக் கொடுத்தனர். ஆயினும், ஊழியர் தாமே பாரம் வாங்கிப் பூர்த்தி செய்து கையெழுத்திட்டாலன்றி இதில் சேர முடியாது என்பது வழக்கமாயிருந்தது. முதலாளி கொடுக்கும் பணத்தை வேண்டாமென்று சொல்லுகிறவர் உலகில் அரியர். இருந்தும், நாளைக்கு, நாளைக்கு என்று காலங்கடத்திப் பாரத்தைத் தொடாமலே இருந்துவிட்டவர் ஏராளமானோர்.

1998 ஏப்ரலில் அந்நாட்டுப் பெருங் கம்பெனியொன்று இம்முறையைத் திருப்பி அமைத்தது. புதிதாக வேலைக்கு அமர்வோர் அனைவரும் தாமாகவே சேமிப்பில் சேர்க்கப்படுவர். வேண்டாதவர் மட்டும் சொல்லி விலகிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது. இதன் விளைவை பிரிஜித் மாட்ரியன், டென்னிஸ் ஷே என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஒரே கால அளவு வேலை பார்த்தவர்களை ஒப்பிட்டதில், பழைய முறையில் நூற்றுக்கு 49 பேரும் புதிய முறையில் நூற்றுக்கு 86 பேரும் சேமிப்பில் இருக்கக் கண்டனர். அதிலும், வாலிபர், குறைந்த சம்பளக்காரர், கறுப்பினத்தார், ஸ்பானிய வம்சத்தார் ஆகிய, "சிக்கனம் தெரியாதவர்" என்று பழிக்கப்பட்டவர்களிடையேதான் உயர்வு மிக அதிகமாயிருந்தது. ஒரு பாரத்தின் வாசகம் மாறியதால் இவ்வளவு பெரிய மாறுதல் உண்டாயிற்றென்றால், குறை தொழிலாளியின் குணத்தில் இருந்ததென்று இனியும் எப்படிச் சொல்வது? கேட்டுச் சேர்ப்பது வேறு, சேர்த்துவிட்டுக் கேட்பது வேறு என்பதே நாம் இதிலிருந்து அறியும் முதற்பாடம்.

பிரிட்டனில் இயற்றிய சட்டம்

ஒரு கம்பெனி செய்து பார்த்ததை ஒரு தேசம் முழுவதற்கும் சட்டமாக்கியது பிரிட்டன். அடேர் டர்னர் தலைமையில் அமைந்த பென்ஷன் கமிஷன் 2005-ல் இதைச் சிபாரிசு செய்தது. 2008-ல் சட்டம் நிறைவேறி, 2012 அக்டோபரில் பெரிய ஸ்தாபனங்களில் தொடங்கி, 2018 பிப்ரவரிக்குள் மிகச் சிறிய முதலாளிவரை எட்டிற்று. 22 வயது நிரம்பி, வருஷத்துக்கு 10,000 பவுனுக்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியரை முதலாளி சேர்த்தே தீரவேண்டும். விரும்பாதவர் ஒரு மாதத்துக்குள் விலகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். விலகினவரை ஏறக்குறைய மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சேர்க்கவேண்டும். விலகும்படி ஊழியரை முதலாளி தூண்டுவது சட்ட விரோதம். இக்கடைசி நிபந்தனையைத் தொழிற்சங்க அன்பர்கள் கவனிக்கவேண்டும். உரிமை கொடுத்தால் மட்டும் போதாது. அதை விட்டுக்கொடுக்கும்படி பயமுறுத்தும் கையையும் தடுக்கவேண்டும் என்று அந்நாட்டார் உணர்ந்திருக்கிறார்கள்.

சட்டத்துக்கு உட்பட்ட தனியார் துறை ஊழியரில் 2012-ல் நூற்றுக்கு 42 பேரே வேலைவழிச் சேமிப்பில் இருந்தனர். 2019-ல் அது நூற்றுக்கு 86 ஆயிற்று. விலகினவர் பத்தில் ஒருவர் அளவே. ஆரம்பத்தில் இரு தரப்பினரும் சேர்ந்து செலுத்தவேண்டிய குறைந்த விகிதம் நூற்றுக்கு 2. அது 2018 ஏப்ரலில் 5 ஆகவும், 2019 ஏப்ரலில் 8 ஆகவும் ஏற்றப்பட்டது. ஏற்றியபோதும் ஊழியர்கள் கூட்டங்கூட்டமாக விலகிவிடவில்லை.

குறைபாடுகள்

இவ்வேற்பாட்டை நாம் மெச்சுகிறோமென்றால், அதன் குறைகளை மறைக்கவேண்டுமென்பது கருத்தன்று. மூன்று குறைகளைச் சொல்லுவோம்.

முதலாவது, எந்தச் சோம்பல் தொழிலாளியைச் சேரவொட்டாமல் தடுத்ததோ, அதே சோம்பல் அவனைச் சேர்ந்த இடத்திலேயே நிறுத்தியும் விடுகிறது. மேற்சொன்ன அமெரிக்கக் கம்பெனி புதியவர்களை நூற்றுக்கு 3 வீதத்தில் சேர்த்தது. ஊழியர் சேமிக்கும் முதல் 6 வீதத்துக்கு அக்கம்பெனி பாதியளவு தன் பங்கைக் கொடுத்துவந்தது. இருந்தும் புதியவர்களில் பெரும்பாலோர் 3-லேயே நின்றுவிட்டார்கள். "முதலாளி 3 என்று வைத்திருக்கிறாரே, அதுவே போதும் போலும்" என்று எண்ணினார்கள் போலும். ஆகவே, முதலில் வைக்கும் விகிதத்தைத் தாழ்த்தி வைப்பவர், தொழிலாளியின் கிழப்பருவத்தையும் தாழ்த்தி வைக்கிறார். இதற்குப் பரிகாரமாக ரிச்சர்டு தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்னும் அறிஞர்கள், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பு வீதமும் தானே உயரும்படி ஒரு யோசனை சொன்னார்கள். அது நடைமுறைக்கு வந்த ஒரு தொழிற்சாலையில் அதை ஏற்றவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதத்துக்கு உயர்ந்ததாக 2004-ல் வெளியிட்டனர். அமெரிக்கா 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம், அதற்குப்பின் ஆரம்பிக்கும் திட்டங்கள், மிகச் சிறியவையும் மிகப் புதியவையுமான ஸ்தாபனங்கள் நீங்கலாக, இம்முறையைக் கைக்கொள்ளவேண்டுமென்று விதித்திருக்கிறது.

இரண்டாவது, வாயிலுக்கு வெளியே நிற்பவர்கள். பிரிட்டனில் இரண்டு மூன்று இடங்களில் அரைநேர வேலை பார்க்கும் ஒரு ஸ்திரீ, எல்லாம் கூட்டினால் 10,000 பவுனுக்கு மேல் சம்பாதித்தாலும், எந்த ஒரு முதலாளியிடமும் அத்தொகை வாங்காததால் தானாகச் சேர்க்கப்படுவதில்லை. சொந்தத் தொழில் செய்வோருக்கும் இச்சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவது, ஒழுக்கு. அமெரிக்காவில் வேலையை விட்டு மாறும்போது பலர் சேமிப்பை எடுத்துச் செலவிட்டுவிடுகிறார்கள். ஆதலின் நீண்ட காலத்தில் இவ்வேற்பாட்டின் நன்மை முன்பு எண்ணியதைவிடக் குறைவானதே என்று 2024-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. நடு வயதில் வேலையிழந்தவனுக்கு வேறு கதியில்லையென்றால், முதுமைக்கு வைத்த பணத்தை அவன் அன்றைக்கே எடுப்பான். அதற்காக அவனைக் குறை சொல்லுவது தர்மமாகாது.

நம் நாட்டு அநுபவம்

இவையெல்லாம் பிற நாட்டுச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. சுதந்திரம் பெற்ற நான்கே வருஷங்களில், 1951 நவம்பர் 15-ந் தேதி அவசரச் சட்டமாகவும், 1952-ல் பார்லிமெண்டுச் சட்டமாகவும், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை நம் தேசம் ஏற்படுத்திற்று. சிமெண்டு, சிகரெட்டு, எஞ்சினீயரிங், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களில் அது தொடங்கிற்று. அன்றைய விகிதம் நூற்றுக்கு 6¼, அதாவது ரூபாய்க்கு ஓரணா. தொழிலாளி ஓரணா, முதலாளி ஓரணா. 1997-ல் அது நூற்றுக்கு 12 ஆக உயர்ந்தது. விலகிக்கொள்ளும் வழியை விட்டுவைக்காமல், சட்டத்துக்கு உட்பட்டவர்களைக் கட்டாயமாகச் சேர்த்தது நம் சட்டம். இன்று தொழிலாளர் பி.எப். என்று வழங்கும் இந்நிதியினால் பெண் கல்யாணம் நடத்தினவர்களும், ஒரு வீடு கட்டிக்கொண்டவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டதால்தான் அப்பணம் மிஞ்சிற்று.

ஆனால் இந்நிதி தொழிலாளியின் சொத்தேயன்றிச் சர்க்காரின் பெட்டியன்று. இதை மறந்தபோது நேர்ந்தது என்ன? 2016 பிப்ரவரியில் வெளியான விதியொன்று, வேலையை விட்டவர் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்கக் கூடாதென்றது. அவ்வருஷம் ஏப்ரலில் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர், பெரும்பாலோர் பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். ஏப்ரல் 19-ந் தேதி சர்க்கார் அவ்விதியைத் திரும்பப் பெற்றது. கிழப்பருவத்துக்குப் பணம் நிற்கவேண்டுமென்ற எண்ணம் தவறன்று. வேலையிழந்த காலத்துக்கு வேறு உதவி செய்யாமல், இருந்த ஒரே உதவியையும் பூட்டி வைத்ததே தவறு. அதையும் தொழிலாளரைக் கலக்காமல் செய்தது அதனினும் பெருந் தவறு.

பென்ஷன் விஷயமோ இன்னும் வருந்தத்தக்கது. 1995-ல் ஏற்பட்ட ஊழியர் பென்ஷன் திட்டத்தில், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஒரு நாளைக்கு 33 ரூபாய். பின்னர்ப் பத்து வருஷங்கள் கழிந்தும் அத்தொகை உயர்த்தப்படவில்லை. வாழ்நாளெல்லாம் ஆலையில் உழைத்தவனுக்கு இது பென்ஷன் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது.

முதலாளிகளிற் சிலர் செய்யும் தந்திரங்களும் நாம் அறியாதவையல்ல. 20 பேர் ஆகிவிட்டால் சட்டம் வருமென்று ஆட்களைக் கண்டிராக்டர்களின் கணக்கில் பிரித்து எழுதுவது ஒன்று. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டித் தம் பங்கைக் குறைத்துக்கொள்வது மற்றொன்று. எல்லா ஊழியருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளும் கணக்கில் சேரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2019 பிப்ரவரி 28-ந் தேதி தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும்.

வெளியே நிற்கும் கோடிகள்

இவையனைத்தும் சட்டத்தின் வாயிலுக்குள் நுழைந்தவர்களின் கதை. நம் தேசத்தில் உழைப்பவர்களிற் பத்தில் ஒன்பது பேர், ஏறக்குறைய, வெளியேதான் நிற்கிறார்கள். வயலில் நாற்று நடுபவரும், சாரத்தில் ஏறிச் செங்கல் சுமப்பவரும், பீடி சுற்றுபவரும், வீட்டு வேலை செய்பவரும், மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுவரும் வாலிபரும் இவர்களே. இவர்களுக்கென்று 2019-ல் ஒரு பென்ஷன் திட்டம் வந்தது. வயதுக்குத் தக்கபடி மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்தினால் 60 வயதுக்குமேல் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். சர்க்காரும் சமபங்கு செலுத்தும். ஐந்து வருஷங்களில் குறைந்தது 10 கோடிப்பேர் பயனடைவர் என்று வரவு செலவுத் திட்டப் பிரசங்கத்தில் எதிர்பார்ப்புத் தெரிவிக்கப்பட்டது. சேர்ந்தவர் சுமார் அரைக் கோடி! காரணம் தேட வெகு தூரம் போகவேண்டியதில்லை. இது கேட்டுச் சேர்க்கும் திட்டம். தினக்கூலி பெறுபவன் தானே தேடிவந்து, தன் கையிலிருந்து மாதந்தோறும் எடுத்துக் கட்டவேண்டிய திட்டம்.

நிலையான முதலாளி இல்லாதவனை எப்படித் தானாகச் சேர்ப்பது என்று கேட்கலாம். வழி இருக்கிறது. கட்டட வேலைக்காரருக்காக 1996-ல் இயற்றிய சட்டம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை விதித்தது. முதலாளி மாறினாலும் கட்டடம் நிற்கிறது. அதிலிருந்து தொழிலாளிக்குரிய பங்கு வந்துவிடுகிறது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், செல்போன் மூலம் வேலை கொடுக்கும் கம்பெனிகள் வருஷ வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, தொழிலாளருக்குக் கொடுப்பதில் நூற்றுக்கு 5-க்கு மேற்படாமல், செலுத்தவேண்டுமென்கிறது. இம்முறையை மற்றத் தொழில்களுக்கும் விரிக்கவேண்டும். ஈ-ஷ்ரம் பதிவேட்டில் 2025-க்குள் 30 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் ஏறிவிட்டது. பெயர் இருக்கிறது, அப்பெயருக்கு நேரே முதுமைக் கணக்கு ஒன்று தானாகத் திறக்கப்பட்டு, தீர்வைப் பணமும் சர்க்கார் பங்கும் அதில் விழவேண்டும் என்பதே நமது கோரிக்கை. தொழிலாளியின் பங்கு அவன் சம்மதத்துக்கு உட்பட்டிருக்கட்டும்.

அன்பர்கள் செய்யவேண்டுவது

1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாள் முதல், கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிப் போராடி வந்திருக்கிறோம். உழைக்க முடியாத காலத்தின் கூலியும் கூலியே. சங்க ஊழியர்கள் தத்தம் ஆலையில் தொழிலாளியின் பி.எப். கணக்கை அவனோடு உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கவேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்பதை முதலாளிக்கு நினைவூட்டவேண்டும். வெளியே நிற்பவர்களுக்காகச் சட்டசபையிலும் பொதுமேடையிலும் குரல் கொடுக்கவேண்டும்.

தொழிலாளிக்குச் சிக்கனம் போதிக்கும் கனவான்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: போதனை போதும், வழியைத் திறந்துவிடுங்கள். திறந்த இடங்களிலெல்லாம் அவன் சேமித்துக் காட்டியிருக்கிறான்.