உயர் பதிப்பு வாங்கலாமா?

பள்ளியில் நான் பணியேற்ற நாளில் ஆசிரியருக்கு வாய்த்திருந்த படக்கருவிகள் மூன்றே: கரும்பலகை, வண்ணச் சுண்ணக்கட்டி, மர அளவுகோல். நீர்ச் சுழற்சியை விளக்க வேண்டுமாயின் கடலையும் மேகத்தையும் மலையையும் வரைந்து, இடையே அம்புக்குறிகள் இட்டுக் காட்டுவோம். மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வந்து அழித்துவிடுவார். மறுநாள் வேறொரு வகுப்பிற்கு மீண்டும் வரைவோம். அந்த உழைப்பை எண்ணியே, ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், கணிப்பொறியில் விளக்கப்படம் வரையும் மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொண்டேன். இன்று என்னிடம் 312 படங்கள் சேர்ந்திருக்கின்றன. கேட்கும் ஆசிரியர்க்கெல்லாம் அவற்றை அனுப்பி வருகின்றேன்.

நான் பயன்படுத்தி வந்தது இலவசப் பதிப்பு. சென்ற ஆண்டு அதனைத் திறக்குந்தோறும் ஓர் அறிவிப்பு தோன்றலாயிற்று. உயர் பதிப்பிற்கு மாறுக. மாதச் சந்தா ரூ. 500; ஆண்டு முழுமைக்கும் சேர்த்துக் கட்டினால் ரூ. 4,800 என்றது அது. ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு இது சிறு தொகையன்று. அன்றியும், பயன் உண்டாயின் கொடுக்கத் தயங்குவதும் அறிவுடைமை ஆகாது. எனவே ஆராயத் தொடங்கினேன். இவ்வினா ஆசிரியர், பொறியியலார், அலுவலகத்தார் எனப் பலருக்கும் எழுவதாகலின், நான் எண்ணிப் பார்த்த முறையை நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் இம்மென்பொருளின் இயல்பைக் காண்போம். ஒளிப்படம் என்பது எண்ணிறந்த வண்ணப் புள்ளிகளின் தொகுதி. அதனைப் பெரிதாக்கினால் மங்கும். விளக்கப்பட மென்பொருளோ, ‘இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு வட்டம், இரண்டிற்கும் இடையே ஓர் அம்பு’ என்று கோடுகளின் அளவையும் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆதலால் அப்படத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும். கட்டத்தை நகர்த்தினால், அதனோடு பிணைந்த அம்பும் உடன் நகரும். இப்பிணைப்புத்தான் இதன் தனிச்சிறப்பு.

உயர் பதிப்பின் விளம்பரத்தில் முதலிடம் பெற்றது, ஆயிரக்கணக்கான ஆயத்த வடிவங்கள் என்பது. இது எனக்கு வேண்டுமா? 1921-ஆம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியியலார் சங்கத்தில் ஃபிராங்க் கில்பிரெத் என்பார் தொழில்முறைகளைக் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை எடுத்துரைத்தார். இன்றைய செயல்முறைப் படங்களுக்கு அது ஒரு தொடக்கம். 1985-இல் வெளியான ஐஎஸ்ஓ 5807 என்னும் பன்னாட்டுத் தரம் இத்தகைய படங்களுக்குரிய குறியீடுகளை வரையறுத்தது. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் ஓரம் வளைந்த கட்டம், செயலுக்குச் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்திற்குச் சாய்சதுரம், தரவிற்கு இணைகரம் ஆகிய நான்கினாலும் அம்புகளாலும் பெரும்பாலான படங்கள் முடிந்துவிடுகின்றன. இவை இலவசப் பதிப்பிலேயே உள்ளன. பட்டியலின் நீளத்தைக் கொண்டு பயனை அளத்தல் கூடாது என்பதை இங்கே கண்டேன்.

இரண்டாவதாக, என் சென்ற ஆண்டுப் படங்களை எடுத்து எண்ணினேன். மொத்தம் 46. அவற்றுள் 29 எளிய செயல்முறைப் படங்கள்; 11 உறுப்புகளுக்குப் பெயர் குறித்த படங்கள்; எஞ்சிய 6 அரச மரபுக் கிளைகளும் உயிரின வகைப்பாடும் போன்ற பெரும் படங்கள். உயர் பதிப்பில் கட்டங்களைத் தானே ஒழுங்குபடுத்தும் வசதி ஒன்றுண்டு. அது அந்த 6 படங்களுக்கு மட்டுமே உதவியிருக்கும். படத்திற்கு 40 நிமிடம் மிஞ்சும் எனக் கொண்டாலும், ஆண்டிற்கு 4 மணி நேரம். அதற்கு விலை ரூ. 4,800. மணிக்கு ரூ. 1,200 கொடுத்து என் ஓய்வு நேரத்தை வாங்க வேண்டிய தேவை எனக்கில்லை. நாள்தோறும் பெரும்படம் வரையும் பொறியியலார் ஒருவர் இதே கணக்கைப் போட்டால் விடை வேறாக வரும். அவர் வாங்குவதே முறை. கணக்கு அவரவர் வேலையைக் கொண்டு போடத்தக்கது.

ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்நிலையில் ஒரு கடிதம் வந்தது. முன்னாளில் என்னிடம் பயின்று, இன்று ஊர்ப்புற உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை எழுதியிருந்தார்: “ஐயா, தாங்கள் அனுப்பிய நைட்ரஜன் சுழற்சிப் படத்தைச் சுவரில் தொங்கவிடப் பெரிதாக அச்சிட்டேன். எழுத்துகள் மங்கிவிட்டன, பின் வரிசைப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. இரண்டு பெயர்களையும் புதிய பாடநூலுக்கேற்ப மாற்ற வேண்டும். ஆனால் எங்கள் பள்ளிக் கணிப்பொறியில் இருப்பது லினக்ஸ். அதில் தங்கள் மென்பொருளை நிறுவ இயலவில்லை.”

அப்பொழுதுதான் என் ஆராய்ச்சியின் குறை எனக்குப் புலனாயிற்று. எனக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று பார்த்தேனேயன்றி, என் படங்கள் யார் கையில் இருக்கின்றன என்று பார்க்கவில்லை. இலவசப் பதிப்பு என் படங்களைத் தன் சொந்தக் கோப்பு வடிவில் சேமித்தது. வெளியே அனுப்பும்போது புள்ளிப் படமாக மட்டுமே தந்தது. நாளை அந்நிறுவனம் கடையை மூடினாலோ, இலவசப் பதிப்பை நிறுத்தினாலோ, பல ஆண்டு உழைப்பும் திறக்கவியலாப் பெட்டியாகிவிடும்.

கோப்பு வடிவம் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. 1992-இல் வெளிவந்து, 2000-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறிய விசியோ என்னும் மென்பொருள், தன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் விஎஸ்டி என்ற பழைய வடிவை விட்டு விஎஸ்டிஎக்ஸ் என்னும் புதிய வடிவிற்குச் சென்றது. ஆதலின் பதிப்பு மாறுமுன், நம்மிடம் படம் பெறுவோரால் அதனைத் திறக்க முடியுமா என்று கேட்டறிதல் கடமையாகும்.

இதற்கு மாற்று, எல்லார்க்கும் பொதுவான வடிவங்கள். எஸ்விஜி என்பது டபிள்யூ3சி என்னும் இணையத் தர அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட கோட்டுப்பட வடிவம். பிடிஎஃப் 2008-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இவ்விரண்டிலும் என் படங்களைத் தரும் வசதி உயர் பதிப்பில் இருந்தது. முன்னர்ப் பட்டியலின் கடைசியில் அதனைக் கண்டும் கடந்து சென்றிருந்தேன்.

வாங்குமுன், அவர்கள் அளித்த சோதனைக் காலத்தில் என் படம் ஒன்றையே மாற்றிப் பார்த்தேன். நிறுவனத்தார் காட்டும் மாதிரிப் படம் எப்பொழுதும் அழகாகவே இருக்கும்; நம் படத்தைக் கொண்டு சோதிப்பதே சோதனை. தமிழில் ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று நோக்கினேன், நின்றன. எழுத்தை எழுத்தாகவே வைத்தால் பிறர் திருத்தலாம். ஆனால் அந்த எழுத்துரு அவர் கணிப்பொறியிலும் இருத்தல் வேண்டும். எழுத்தை வளைகோடாக மாற்றினால் தோற்றம் பிறழாது. ஆனால் திருத்த இயலாது. ஆகவே திருத்துவதற்கு எழுத்துள்ள எஸ்விஜி, அச்சிடுவதற்குப் பிடிஎஃப் என இரண்டும் வேண்டும் எனத் தெளிந்தேன். குறை ஒன்றும் கண்டேன். எஸ்விஜியாக மாறியதும் கட்டத்திற்கும் அம்பிற்கும் இருந்த பிணைப்பு அற்றுவிடுகிறது. கட்டத்தை நகர்த்தினால் அம்பு பின்தங்கி நிற்கும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, ஒரே ஒரு மாதத்திற்கு ரூ. 500 கட்டினேன். நாளொன்றுக்கு 20 படங்களாக, 16 நாள்களில் 312 படங்களையும் இருவடிவிலும் வெளிக்கொணர்ந்தேன். சந்தா தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் கண்டிருந்தமையின், நீக்க வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முந்திய நாளே நீக்கிவிட்டேன். அடிக்கடி மாற்றம் வேண்டும் 24 படங்களை மட்டும், பிணைப்பு அறாதிருக்கும் பொருட்டு, லினக்ஸிலும் இயங்கும் டிரா.ஐஓ என்னும் இலவச மென்பொருளில் புதிதாக வரைந்தேன். எஞ்சியவற்றில் பெயர் திருத்த இங்க்ஸ்கேப் என்னும் மற்றோர் இலவச மென்பொருள் போதும்.

வாங்கலாமா என்று கேட்பவர்க்கு நான் கூறுவது இது. விளம்பரப் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, சென்ற ஓராண்டில் நீங்கள் வரைந்த படங்களை எண்ணுங்கள். மிஞ்சும் நேரத்தை விலையோடு ஒப்பிடுங்கள். சந்தாவை நிறுத்தும் நாளில் உங்கள் படங்கள் உங்கள் கையில் இருக்குமா என்று பாருங்கள். அவற்றைப் பெறுவோரிடம் என்ன கருவி உள்ளது என்று கேளுங்கள். இக்கடைசிக் கேள்வியை நான் காலங்கடந்தே கேட்டேன்.

சென்ற மாதம் அந்த ஆசிரியையிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. பெயர்களைத் தாமே திருத்திப் படத்தைச் சுவரளவில் அச்சிட்டாராம். பின் வரிசைப் பிள்ளை ஒருவன் தன் இடத்தில் இருந்தபடியே அதனை உரக்கப் படித்தானாம்.