பணித்திட்ட மென்பொருளும் அதன் புதுக்கோலமும்

ஒரு செயலைத் தொடங்குமுன் அதற்குரிய கருவியையும் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைத் திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். பலர் கூடிச் செய்யும் பணிக்கு மற்றொன்றும் தேவைப்படுகிறது. பணி இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதை அனைவரும் ஒருபடித்தாய் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறிவிப்பதற்கென்றே எழுந்தவை பணித்திட்ட மென்பொருள்கள். அலுவலகங்களில் தோன்றிய இவை, பள்ளிகளிலும் சங்கங்களிலும் இப்பொழுது புழங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றின் தோற்றம் மாறுகிறது. புதிய வசதிகள் சேர்கின்றன. "நேற்று இருந்த பொத்தானை இன்று காணோமே" என்று பயன்படுத்துவோர் சலித்துக்கொள்கின்றனர். இம்மாற்றங்கள் வெறும் வண்ணப்பூச்சு எனக் கருதுவோரும் உளர். அது முழு உண்மையன்று. மென்பொருளின் முகம் மாறும்பொழுது, அது நம்மிடம் கேட்கும் கேள்வியும் மாறிவிடுகிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு பள்ளி தன் நூலகத்தை ஆறு வாரங்களில் புதுப்பிக்க முற்படுகிறது எனக் கொள்வோம். அறைக்கு வண்ணம் பூசுதல், அலமாரிகள் வாங்குதல், நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிடுதல், திறப்பு விழா நடத்துதல் என வேலைகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு.

பட்டை வரைபடம்

இத்தகைய பணியைக் காட்டும் பழைய முறை பட்டை வரைபடம். அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி காண்ட் (1861–1919) இதனைப் பரவச் செய்தமையால், இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நாட்கள் குறுக்கே வரிசையாக நிற்கும். வேலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். ஒரு வேலை எந்நாள் தொடங்கி எந்நாள் முடியும் என்பதை ஒரு பட்டை காட்டும். 1984-ஆம் ஆண்டில் டாஸ் கணினிகளுக்கும், 1990-ஆம் ஆண்டில் விண்டோஸ் கணினிகளுக்கும் வெளிவந்த மைக்ரோசாப்ட் புரொஜெக்ட், இவ்வரைபடத்தைக் கணினித் திரைக்குக் கொணர்ந்த மென்பொருள்களுள் புகழ்பெற்றது.

இதன் கேள்வி, "எப்பொழுது முடியும்?" என்பது. வண்ணம் உலராமல் அலமாரிகளை வைக்க இயலாது. அலமாரிகள் வராமல் விழா நடவாது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பட்டைகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் ஒரு குறையும் உண்டு. மூன்று வாரங்கள் கழிந்தபின், பட்டியல் பொறுப்பாசிரியர் "நூற்றுக்கு ஐம்பது முடிந்தது" என்று குறிக்கிறார். பாதியாகக் கழிந்தது காலமா, வேலையா? பட்டை அதற்கு விடை கூறாது.

அட்டைப் பலகை

அடுத்து வந்தது அட்டைப் பலகை. இதன் வேர் ஜப்பானில் உள்ளது. டொயோட்டா தொழிற்சாலைகளில் தாய்ச்சி ஓனோ வளர்த்த 'கான்பான்' முறையில், எந்தப் பொருள் எவ்வளவு தேவை என்பதை அட்டைகளே முந்தைய பிரிவுக்கு அறிவித்தன. இம்முறையைப் பின்பற்றிய பலகையைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்த மென்பொருள்களுள் ஒன்று, 2011-இல் நியூயார்க்கில் தோன்றிய டிரெல்லோ. 2017-இல் அட்லாசியன் என்னும் நிறுவனம் அதனை வாங்கிற்று. 'செய்ய வேண்டியவை', 'நடைபெறுபவை', 'முடிந்தவை' என்று மூன்று பத்திகள்; ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையும் பத்தி விட்டுப் பத்தி நகரும்.

இதன் கேள்வி, "எங்கே நிற்கிறது?" என்பது. பயிற்சி எதுவுமின்றி எவரும் இதனைப் படித்துவிடலாம். இதன் சிறப்பு அதுவே. ஆயினும் பட்டியலிடும் அட்டை 'நடைபெறுபவை' என்ற பத்தியிலேயே நான்கு வாரங்கள் கிடக்கலாம். வேலை இனிதே நடக்கிறதா, முட்டி நிற்கிறதா என்பது வெளியே தெரியாது.

குன்று வரைபடம்

2018-ஆம் ஆண்டில் பேஸ்கேம்ப் என்னும் மென்பொருளில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. சிகாகோவில் தோன்றிய 37சிக்னல்ஸ் என்னும் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட மென்பொருள் இது. அப்புதிய வசதி ஒரு குன்றின் வடிவில் அமைந்தது. ஒவ்வொரு வேலையும் அக்குன்றின்மேல் ஒரு புள்ளி. ஏறுபக்கம், "என்ன செய்வது, எப்படிச் செய்வது" என்று ஆராயும் பகுதி. உச்சியை அடைந்தால் ஐயங்கள் தீர்ந்தன என்பது பொருள். இறங்குபக்கம், தெளிந்த வழியில் செய்து முடிக்கும் பகுதி.

நம் பட்டியல் ஆசிரியரை இப்பொழுது நோக்குவோம். அவர் 300 நூல்களைப் பதிந்துவிட்டார். ஆனால் நூல்களை வயதுவாரியாகப் பிரிப்பதா, பொருள்வாரியாகப் பிரிப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவு மாறினால் அந்த 300 நூல்களையும் மீண்டும் பதிய வேண்டிவரும். பட்டையில் இது பாதி முடிந்த வேலை. பலகையில் நடைபெறும் வேலை. குன்றிலோ இன்னும் ஏறுபக்கத்தில் நிற்கும் வேலை. மூன்றனுள் உண்மைக்கு அண்மையில் நிற்பது எது என்பதை வாசகரே உணர்வர்.

பாடத்தை நடத்தி முடித்தல் வேறு. மாணவர் அதனைப் புரிந்துகொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை நாள்தோறும் காணும் ஆசிரியர்களுக்குக் குன்றின் இருபக்கம் புதிய செய்தியன்று.

இப்புள்ளியைக் கணினி தானே கணக்கிட்டு நகர்த்துவதில்லை. பொறுப்பாளரே தம் கையால் நகர்த்துகிறார். முந்தைய நிலைகளும் பதிவில் நிற்பதால், பல நாள் அசையாத புள்ளி கண்ணில் படும். அப்பொழுது தலைமையாசிரியர், "ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்பதை விட்டு, "எந்த இடத்தில் சிக்கல்?" என்று கேட்கலாம். ஆனால் ஏறுபக்கத்தில் நிற்பவரைச் சபையில் கடிந்துகொண்டால், அடுத்த வாரம் எல்லாப் புள்ளிகளும் இறங்குபக்கத்தில் இருக்கும். வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். உண்மையைக் கேட்பது புதிய வசதியின் வேலை. அதனை அச்சமின்றிச் சொல்ல இடங்கொடுப்பது தலைமை ஏற்றவரின் கடமை.

புதுக்கோலமும் பழைய கையும்

மாற்றத்தை அறிமுகம் செய்யும் முறையிலும் அதே நிறுவனம் நினைக்கத்தக்க ஒன்றைச் செய்தது. 2012-இல் அது பேஸ்கேம்ப்பை அடியோடு புதிதாக எழுதி வெளியிட்டது. ஆயினும் பழைய வடிவத்தை மூடிவிடவில்லை; 'கிளாசிக்' என்னும் பெயரில் அதனைத் தொடர்ந்து நடத்தியது. 2015-இல் மூன்றாம் வடிவம் வந்தபொழுதும் முந்தையவை நிலைத்தன. பழகியவர் பழையதிலேயே தொடரலாம். விரும்பியவர் புதியதற்கு மாறலாம்.

இதில் செலவு உண்டு. ஒரே நிறுவனம் பல வடிவங்களைப் பேணுவது எளிதன்று. எனினும் நடுவழியில் நிற்கும் பணியாளர் ஒருவருக்குக் கருவியின் பழக்கமே பாதி வலிமை. அதனை ஓரிரவில் பறித்தால், பணியைக் கற்க வேண்டிய நேரத்தில் அவர் கருவியைக் கற்றுக்கொண்டிருப்பார்.

ஆகவே, பள்ளியிலோ சங்கத்திலோ புதிய மென்பொருள் ஒன்றை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். முதலாவது, இது பணியைப் பற்றி நம்மிடம் கேட்கும் கேள்வி யாது? இரண்டாவது, அக்கேள்விதான் நமக்கு இப்பொழுது வேண்டியதா? விழா நாள் குறித்துவிட்ட பணிக்குப் பட்டையே போதும். சிறுசிறு வேலைகள் பல உள்ள பணிக்குப் பலகை ஏற்றது. வழி தெரியாத புதுப்பணிக்கே குன்று உதவும். மூன்றாவது, பழைய முறையில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளை முடிக்க, அவற்றைச் செய்வோருக்கு நாம் காலம் கொடுத்திருக்கிறோமா?

இம்மூன்றுக்கும் விடை கண்டபின் ஏற்கும் புதுமை நிலைக்கும். விடை காணாது ஏற்பின், ஆசிரியர்கள் மென்பொருளில் ஒரு கணக்கும், தம் குறிப்பேட்டில் வேறொரு கணக்குமாக இரண்டு கணக்கு எழுதுவர். அவற்றுள் உண்மையானது குறிப்பேட்டில் உள்ளதாகவே இருக்கும்.