டூரிஸ்ட் விசாவில் வேலையா? ஏமாறாதீர்கள்!

"சுற்றிப் பார்க்க" அனுப்பி சிக்க வைக்கும் போலி ஏஜெண்டுகள். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வாலிபர்களே உஷார்!

கும்மிடிப்பூண்டி:

வெளிநாட்டுக்குப் போக வேண்டும், கை நிறைய சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆசைப்படுவதில் தப்பு இல்லை.

ஆனால், "டூரிஸ்ட் விசாவில் போ. மற்றதை அங்கே போய் பார்த்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே உஷாராகி விட வேண்டும்.

அந்தப் பேச்சை நம்பிப் போனவர்கள் அடி வாங்கி இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து இருக்கிறார்கள். மோசம் போனவர்களே குற்றவாளிகளாகி வெளிநாட்டுக் காவலில் இருந்த கொடுமையும் நடந்து இருக்கிறது!

ஆசை வலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும், வார்ப்படப் பட்டறைகளும் நிறைய. திருவள்ளூர் பக்கம் காக்களூரிலும் தொழிற்பேட்டை இருக்கிறது. ஐ.டி.ஐ. படித்த வாலிபர்கள், காண்டிராக்ட் கூலிக்கு வேலை பார்க்கிறவர்கள் இங்கே ஏராளம்.

இவர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் ஏஜெண்டு வலை விரிக்கிறான். முன்பெல்லாம் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். இப்போது கையில் இருக்கும் செல்போனுக்கே விளம்பரம் வந்து விடுகிறது.

பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"தம்பி, பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அது போதும்ப்பா. தாய்லாந்து போறதுக்கு நம்ம ஆளுங்களுக்கு விசாவே வேணாம். டிக்கெட்டைப் போடு, போயிட்டே இரு."

"வேலைக்குன்னு தனி விசா வேணாமாண்ணே?"

"அதை அங்க கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்துடுவான். நீ ஏர்போர்ட்டுல கேட்டா, சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு. வேலைன்னு மட்டும் வாயைத் திறக்காதே!"

இந்தக் கடைசி வார்த்தையில்தான் மோசடி முழுவதும் அடங்கி இருக்கிறது. ஏஜெண்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதிகாரியிடம் பொய் சொன்னது யார்? தம்பிதான்! நாளைக்கு வம்பு வந்தால் மாட்டப் போவதும் தம்பிதான். ஏஜெண்டு கம்பி நீட்டி விடுவான்.

13 பேர் திரும்பிய கதை

இது வெறும் கற்பனை அல்ல. 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் ஒன்று இருக்கிறது.

"தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல சம்பளம்" என்று விளம்பரம் வந்தது. நம்பிய வாலிபர்கள் விமானம் ஏறினார்கள். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றினார்கள். கார் போனது, போனது... சுமார் 500 கிலோ மீட்டர்! தாய்லாந்தின் எல்லையில் உள்ள மே சோட் என்ற ஊர் வந்தது.

அங்கே ஒரு ஆறு. பெயர் மோய் ஆறு. அக்கரையில் மியான்மர் நாட்டின் மியாவாடி என்ற ஊர். அது நம் பெரியவர்களுக்கு பர்மா என்றால்தான் புரியும். இரவோடு இரவாக ஆட்களை அக்கரைக்குக் கடத்தி விட்டார்கள்.

வேலை என்ன தெரியுமா? ஆன்லைனில் ஊர் உலகத்தை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலை! மாட்டேன் என்றவர்களுக்கு அடி, உதை.

சுமார் 300 இந்தியர்கள் அங்கே சிக்கி இருப்பதாகவும், அவர்களில் 50 பேர் வரை தமிழர்கள் என்றும் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்திய வெளியுறவு அமைச்சகமும் அதே மாதம் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது.

அதன் பிறகு 13 தமிழர்கள் மீட்கப்பட்டு, 2022 அக்டோபர் 5-ந் தேதி தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள். பெற்றவர்களுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பியது.

ஆனால் வேறு சில இந்தியர்கள் கும்பலிடம் இருந்து தப்பியும் வீடு வந்து சேரவில்லை. மியான்மர் அதிகாரிகளின் காவலில் இருந்தார்கள். என்ன குற்றம்? அனுமதி இல்லாமல் அந்த நாட்டுக்குள் நுழைந்த குற்றம்!

கடத்தியவன் வெளியே, கடத்தப்பட்டவன் உள்ளே. நுழைவுச் சட்டத்துக்கு "என்னை ஏமாற்றி விட்டார்கள்" என்ற சமாதானம் சுலபத்தில் காதில் ஏறாது.

29,466 பேர்!

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. கம்போடியாவிலும் இதே கதை நடந்தது. அங்கிருந்து சுமார் 250 இந்தியர்களை மீட்டு அனுப்பியதாக 2024 மார்ச்சில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. 2025 மார்ச்சில் மே சோட்டில் இருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். இது குடியேற்றத் துறையின் கணக்கு. 2022 ஜனவரி முதல் 2024 மே வரை கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் ஆகிய 4 நாடுகளுக்குப் பார்வையாளர் விசாவில் போனவர்களில் 29,466 பேர் திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை. அவர்களில் 3,124 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்!

இத்தனை பேரும் மோசடிக் கும்பலிடம் சிக்கியவர்கள் என்று சொல்லி விட முடியாது. ஆனால் "சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிப் போனவர்கள், மாதக் கணக்கில், வருடக் கணக்கில் எதைச் சுற்றிப் பார்க்கிறார்கள்?

விசா என்றால் என்ன?

பலர் விசாவை சினிமா டிக்கெட் மாதிரி நினைக்கிறார்கள். கையில் இருந்தால் உள்ளே விட்டே தீர வேண்டும் என்று எண்ணம். அது தவறு.

விசா என்பது வாசல் வரை வரலாம் என்ற அனுமதிதான். உள்ளே விடுவதும் விடாததும் அந்த நாட்டு விமான நிலையத்தில் உட்கார்ந்து இருக்கும் குடியேற்ற அதிகாரியின் கையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பி விடுவார்.

"விசா வேண்டாம்" என்று ஒரு நாடு சொன்னாலும் இதே கதைதான். சுற்றிப் பார்க்க விசா வேண்டாம் என்றுதான் அர்த்தம். வேலை பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை.

நிஜமாகவே குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்களும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் ஓட்டல் விவரம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும்.

நாட்டுக்கு நாடு

தாய்லாந்து: 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்றார்கள். 2024 ஜூலை 15 முதல் அதை 60 நாள் ஆக்கினார்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையை ஆன்லைனில் பூர்த்தி செய்ய வேண்டும் என்று விதி வந்தது. நாள் கடந்து தங்கினால் தினம் 500 பாட் அபராதம். அது 20 ஆயிரம் பாட் வரை ஏறும்.

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு. இங்கேயும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு. சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவர் என்று முடிவானால் 10 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை ஜெயில், அதற்கு மேல் 6 பிரம்படி வரை கிடைக்கும்!

சிங்கப்பூர்: இந்தியர்களுக்கு விசா கட்டாயம். 90 நாளுக்கு மேல் கள்ளத்தனமாகத் தங்கினால் 6 மாதம் வரை ஜெயில், குறைந்தது 3 பிரம்படி. வேலைக்குப் போகிறவருக்கு அந்த நாட்டு மனிதவள அமைச்சகம் முன்-அனுமதிக் கடிதம் கொடுக்கும். அது உண்மையா என்று புறப்படும் முன்பே ஆன்லைனில் சரிபார்த்துக் கொள்ளலாம்.

துபாய்: விசா நாள் முடிந்த பிறகு தங்கினால் தினம் 50 திர்ஹாம் அபராதம். ஒரு மாதம் ஆனால் 1,500 திர்ஹாம். வேலை கிடைக்காதவன் இந்தப் பணத்துக்கு எங்கே போவான்?

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போய் வந்தவர் சொன்ன கணக்கை நம்பாமல், டிக்கெட் போடும் முன்பு அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

"அங்கே போய் மாத்திக்கலாம்" என்பது முழுப் பொய்யா? சில நாடுகளில் மாற்றிக் கொள்ள சட்டப்படி வழி உண்டு. ஆனால் அதற்கு அங்கே உள்ள முதலாளி முறைப்படி மனு போட வேண்டும். அனுமதி வரும் வரை வேலையில் கை வைக்கக் கூடாது. ஏஜெண்டு சொல்வது இந்த வழியை அல்ல!

பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது?

10-ம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் "இ.சி.ஆர்." என்று இருக்கும். அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இது 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது.

இந்த அனுமதி கொடுக்கும் முன்பு வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய்க்கு இன்சூரன்சும் உண்டு.

ஆனால் சுற்றுலா போகிறவருக்கு இந்த அனுமதி தேவை இல்லை. இந்த ஓட்டையில்தான் ஏஜெண்டு புகுந்து விளையாடுகிறான். டூரிஸ்ட் என்று சொல்லிப் போனால் ஒப்பந்தம் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, இன்னார் இன்ன கம்பெனிக்குப் போனார் என்ற பதிவும் கிடையாது. அங்கே கை கால் போனாலும், உயிரே போனாலும், காகிதத்தில் அவர் ஊர் சுற்றப் போனவர்தான்!

10-ம் வகுப்பு பாஸ் ஆகிவிட்டதே என்று அசட்டையாக இருந்து விடக் கூடாது. தாய்லாந்து மோசடியில் ஏஜெண்டுகள் தேடியதே கம்ப்யூட்டர் தெரிந்த, படித்த வாலிபர்களைத்தான்.

ஏஜெண்டு யார்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் லைசென்சு வேண்டும். லைசென்சு உள்ளவர்களின் பட்டியல் "இ-மைகிரேட்" என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. ஏஜெண்டின் பெயரையும் நம்பரையும் அதில் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

லைசென்சு உள்ளவரும் வாய்க்கு வந்ததைக் கேட்க முடியாது. கூலியாக 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி. வரியும்தான் உச்சவரம்பு. பணம் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். தாலியை அடகு வைத்து, பட்டாவை அடகு வைத்து லட்சம் லட்சமாகக் கொட்டுவது எதற்கு?

தமிழ்நாடு அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அது கிண்டியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் போய் விசாரித்து விட்டு அன்றைக்கே திரும்பி விடலாம்.

சிக்கிக் கொண்டால்?

ஏமாந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டு மூடி மறைக்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவருக்கு ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுக்க தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் மனு கொடுக்கலாம். புகாரில் ஏஜெண்டின் பெயர், போன் நம்பர், பணம் கட்டிய வங்கிக் கணக்கு, டிக்கெட் நகல் எல்லாம் இருந்தால்தான் வேலை நடக்கும்.

ஆகவே, புறப்படும் முன்பே பாஸ்போர்ட், விசா, டிக்கெட், வேலைக் கடிதம் ஆகியவற்றின் நகலை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து விட்டுப் போக வேண்டும். இதற்குச் செலவு சில ரூபாய்தான். ஆபத்து நேரத்தில் அந்தக் காகிதம்தான் பேசும்.

ஒரே கேள்வி

ஏஜெண்டு நல்லவனா, கெட்டவனா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்.

"ஏர்போர்ட்டில் நான் வேலைக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லு" என்றால், மேற்கொண்டு காகிதங்களைப் பாருங்கள்.

"ஐயையோ, சொல்லிடாதே" என்றால், பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வந்து விடுங்கள். பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கிறவன் பிழைக்க வழி காட்ட மாட்டான்.