டொக்டர் சம்பள வேலைக்குப் போனால், பில் போடுற அக்கா என்ன செய்வா?

ஸ்காபரோவில் ஒரு வீட்டு பேஸ்மென்ட். மேசையில் இரண்டு ஸ்கிரீன், பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. மாதத்தில் 18ஆம் திகதி நெருங்கினால் பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. அன்றைக்குள் அனுப்பின கிளெய்ம்களுக்குத்தான் ஓஹிப் அடுத்த மாத நடுப்பகுதியில் காசு போடும். எங்களில் சிலர் இப்படியான மேசைக்குப் பக்கத்தில் ஹோம்வேர்க் செய்து வளர்ந்தவர்கள்தான்.

எனக்குத் தெரிந்த அந்த அக்கா நாலு டொக்டர்மாருக்கு பில்லிங் செய்தவ. அதில் ஒருவர் கிளினிக்கை மூடிவிட்டுச் சம்பள வேலைக்குப் போனார். "ஒரு போன் கோல்தான் தங்கச்சி. தேங்க் யூ, இனித் தேவையில்லை எண்டார். பதினொரு வருசம்!" என்றா. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அன்றோடு நின்றது.

அமெரிக்காவில் இது பெரிய அலை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, 2012இல் 60 சதவீத டொக்டர்மார் சொந்த அல்லது தனியார் பிராக்டிஸில் இருந்தார்கள். 2022இல் அது 47 சதவீதத்துக்கும் கீழே. பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாங்கினதும் பில்லிங் வேலையும் ஆஸ்பத்திரிக்குள் போய்விடும்.

ஒன்ராறியோவில் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டொக்டர்மாரில் பெரும்பாலானோர் அதன் ஊழியர்கள் இல்லை. ஓஹிப்புக்குத் தாங்களே பில் போடுகிறார்கள். ஆனால் சமூக சுகாதார நிலையங்களில் டொக்டருக்குச் சம்பளம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி பில் இல்லை. பெரிய போதனா ஆஸ்பத்திரிகளில் டொக்டர் குழுக்களுக்கென்றே பில்லிங் ஒஃபிஸ் இருக்கும். குடும்ப டொக்டர்மார் சேர்கிற எஃப்.எச்.ஓ. முறையில், பதிவு செய்த நோயாளியின் வயதையும் பாலையும் வைத்து அடிப்படைப் பணம் வரும். ஆனாலும் செய்த வேலைக்குக் கோட் போட்டு அனுப்பத்தான் வேண்டும். அதைத்தான் 'ஷடோ பில்லிங்' என்கிறார்கள். ஆகவே டொக்டர் எங்கே போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பில்லரின் வேலை நிலைக்கும்.

அக்கா செய்த முதல் காரியம், மிச்சக் கிளெய்ம்களைக் காப்பாற்றினது. 2023 ஏப்ரல் முதல், சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் கிளெய்ம் போக வேண்டும். முந்தி ஆறு மாதம் இருந்தது. கிளினிக் மூடினாலும் திருப்பி அனுப்பப்பட்ட கிளெய்ம்கள் வந்துகொண்டே இருக்கும். "அந்த மூன்று மாசத்துக்கும் எனக்கு அனுமதி தாங்கோ, காசும் தாங்கோ" என்று கேட்டு எழுத்தில் வாங்கினா. வேலை முடிந்ததும் நோயாளிகளின் விவரங்களைத் திருப்பிக் கொடுத்தா. 2004இல் வந்த சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பேஸ்மென்ட் மேசைக்கும் பொருந்தும்.

அடுத்தது, ஸ்பெஷலிஸ்ட்மாரைத் தேடினா. அவர்களில் பலர் இன்னும் பார்த்த வேலைக்குப் பில் போடுகிறவர்கள்; கோட்களும் சிக்கல். தாங்களே பில் போடும் கிளினிக்குகளுக்கு, மணித்தியாலக் கணக்கில் எரர் ரிப்போர்ட் சரிபார்த்துக் கொடுக்கவும் தொடங்கினா. ஹெல்த் கார்ட் வெர்ஷன் கோட் பிழை, அனுப்பின டொக்டரின் நம்பர் இல்லை, கியூபெக் நோயாளி என்று கவனிக்கவில்லை: இப்படிச் சின்னச் சின்ன ஓட்டைகளால்தான் காசு போகிறது. மற்ற மாகாணத்தவருக்கு ஓஹிப் வழியாகவே பில் போடலாம், கியூபெக் மட்டும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவுக்குக் கைகொடுக்க எதுவும் இருக்கவில்லை. சுயதொழில் செய்கிறவருக்கு வேலை போனால் வழமையான ஈ.ஐ. கிடையாது. விரும்பிச் சேர்ந்தாலும் மகப்பேறு, சுகயீனம் போன்ற விசேட கொடுப்பனவுகள்தான். சீ.பீ.பீ.யிலும் ஊழியர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் தானே கட்ட வேண்டும். அதனால்தான் இப்ப அக்காவுக்கு ஒரு விதி: ஒரே டொக்டரிடமிருந்து மொத்த வருமானத்தில் கால்வாசிக்கு மேல் வரக்கூடாது. புது ஒப்பந்தம் எல்லாவற்றிலும் 90 நாள் முன்னறிவித்தலும் உண்டு.

உங்கட அம்மாவோ, மாமியோ, அக்காவோ இந்த வேலை செய்கிறாவா? இந்தக் கிழமை சாப்பாட்டு மேசையில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை டொக்டர்மார்? அதில் எத்தனை பேர் ரிட்டயர் ஆகிற வயது? எழுத்தில் என்ன இருக்கு? "அதெல்லாம் நம்பிக்கையில நடக்குது பிள்ளை" என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தை எழுத நீங்களே பக்கத்தில் இருந்து உதவி செய்யுங்கள். எங்கட ஹோம்வேர்க்கை அவைதானே பக்கத்தில் இருந்து பார்த்தவை.